எடுத்தவரும் கண்டெடுத்தவரும்

'கண்டெடுக்கப்பட்ட அரிய வண்ணப்படம்' என்ற விளம்பரத்தோடு ஒரு போர்க்கால ஆவணப்படம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: அது இத்தனை நாள் எங்கே தொலைந்திருந்தது? இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனை வண்ணத்தில் பதிவுசெய்த ரோஸி நியூமனின் படச்சுருள்கள் எங்கும் தொலைந்துபோகவில்லை. போர்க்காலத்திலேயே அறப்பணிகளுக்கு நிதி திரட்டும் கூட்டங்களில் அவரே அவற்றைத் திரையிட்டார். பின்னர் அவை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தொலைக்காட்சிக்குத் தேவைப்படாத காலம் முழுவதும் அங்கேதான் இருந்தன.

ஒரு பெண் செய்து, காட்டி, பத்திரமாக ஒப்படைத்த வேலையைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் கவனிக்கிறது. அப்போது கண்டெடுத்த பெருமை நிறுவனத்துக்குப் போகிறது. எடுத்தவரின் பெயர் கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலுக்குப் போகிறது. பாட்டிகளின் கைவைத்தியமும் கோலமும் 'மரபுச் செல்வம்' ஆகும்போது பாட்டிகளின் பெயர் காணாமல்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

நியூமன் வசதி படைத்த லண்டன் குடும்பத்துப் பெண். 1920களின் இறுதியிலிருந்து படமெடுத்தவர். போர் வந்ததும் 16 மி.மீ. கேமராவில் கோடாக்ரோம் சுருளோடு கிளம்பினார். குண்டுவீச்சில் சிதைந்த தெருக்களையும் படையினரையும் எடுத்து, 'போரில் பிரிட்டன்' என்ற முழுநீளப் படமாகத் தொகுத்தார். 1935இல் அறிமுகமான கோடாக்ரோமுக்குத் தனியாக நெகடிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவப்பட்டுப் படமாகத் திரும்பி வரும். அதில் கீறல் விழுந்தால் மூலப்படத்திலேயே விழுந்ததாகிவிடும். அதற்கு நல்ல வெளிச்சமும் வேண்டும். வெயில் குறைந்த ஊரில் எந்த நேரத்தில் போவது, எங்கே நிற்பது, யாரிடம் அனுமதி வாங்குவது என்று ஒவ்வொன்றையும் அவர் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. ஓர் ஆண் இயக்குநர் இதையெல்லாம் செய்தால் 'கலைப்பார்வை' என்போம். நியூமனுக்குக் கிடைத்த பட்டம் 'அமெச்சூர்'.

1999இலும் 2000இலும் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 'வண்ணத்தில் இரண்டாம் உலகப் போர்', 'வண்ணத்தில் போர்க்காலப் பிரிட்டன்' என்ற தொடர்கள் வந்தன. இவ்வகைத் தொடர்களில் பலர் எடுத்த காட்சிகள் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. கடிதங்களும் நாட்குறிப்புகளும் வாசிக்கப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரு கதைசொல்லியின் குரல் இணைக்கிறது. விளைவு, தேசமே தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டது போன்ற தோற்றம். ஆனால் கேமராவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட வர்க்கத்தோடும் பாலினத்தோடும் நிற்கிறார். நியூமனின் பெயரை மீட்பது இந்தத் தோற்றத்தைக் கலைக்கும் முதல் வேலை.

அதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. கேமராவைப் பிடித்தவர் பெண் என்பதால் மட்டும் எல்லாப் பெண்களும் படத்துக்குள் வந்துவிடுவதில்லை. பணமும் மேலிடத்துத் தொடர்புகளும் நியூமனுக்குப் பல கதவுகளைத் திறந்தன. அந்தக் கதவுகளுக்கு அப்பால் நடந்த பெண்களின் போர் பெரும்பாலும் வெளிச்சம் இல்லாத இடங்களில் நடந்தது: பதுங்கிடங்கள், சமையலறைகள், இரவுப் பணி. 1941 டிசம்பரில் மணமாகாத இளம்பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டம் வந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். ரசாயனத்தால் அவர்களில் பலருக்குத் தோலும் முடியும் மஞ்சளாயின. முதல் உலகப் போரிலேயே இப்படி மஞ்சளான பெண்களைக் 'கேனரிப் பெண்கள்' என்று ஒரு பறவையின் பெயரால் அழைத்தார்கள். போரின் உண்மையான வண்ணம் என்று நான் எண்ணுவது அந்த மஞ்சளைத்தான். அது நடந்த இடத்துக்குள் பொழுதுபோக்குக் கேமரா எதுவும் நுழைந்திருக்க முடியாது.

இடிபாடுகளின் காட்சிகளையும் இப்படியே பார்க்க வேண்டியிருக்கிறது. செங்கல்லின் சிவப்பும் வானத்தின் நீலமும் எண்பது ஆண்டுகளைச் சட்டென்று அழித்து, நம்மை அந்தத் தெருவில் நிறுத்துகின்றன. எல்லோருக்கும் ஒரே துயரம் என்று மனம் இளகுகிறது. ஆனால் 1939இன் இழப்பீட்டுத் திட்டப்படி, அதே குண்டில் அதே காயம் பட்ட பெண்ணுக்கு ஆணைவிட வாரத்துக்கு 7 ஷில்லிங் குறைவு. மேவிஸ் டேட், எடித் சம்மர்ஸ்கில் போன்ற பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பெண்கள் அமைப்புகளும் போராடித்தான் 1943இல் அது சமமாக்கப்பட்டது. அந்த 7 ஷில்லிங்கை எவ்வளவு துல்லியமான வண்ணமும் காட்டாது. அதைக் காட்ட விமர்சனம் வேண்டும்.

நியூமன் 1930களில் இந்தியாவிலும் படமெடுத்தார், பயணியாக. அந்த இந்தியாவும் இதே போருக்குள் இழுக்கப்பட்டது. இழப்பீடு சமமான அதே 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்தது. அதிலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களை நாம் சுனில் ஜனாவின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலும் சித்தப்ரசாத்தின் மைச்சித்திரங்களிலும்தான் பார்க்கிறோம். வண்ணம் நெருக்கத்தைத் தருகிறது என்றால், யாரோடு நெருங்குகிறோம், யாரைத் தொலைவிலேயே வைக்கிறோம் என்பதை அந்தக் காலத்தில் யாரிடம் வண்ணச்சுருள் இருந்தது என்பதும் தீர்மானித்திருக்கிறது.

அதனால் இத்தகைய படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் எடுத்தவரின் பெயரும் நாளும் இடமும் திரையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்போம். கேமராவை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துபோகும் பெண் யார், அன்று அவளுக்குக் கூலி எவ்வளவு என்றும் கேட்போம். நியூமனின் பெயர் நமக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர்தான் இன்னும் கண்டெடுக்கப்பட வேண்டியது.