பச்சை வயலில் பட்டினி

சத்யஜித் ராயின் ‘அசனி சங்கேத்’ பார்த்திருக்கிறீர்களா? 1973-ல் வந்த வங்காளப் படம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவலிலிருந்து எடுத்தது. பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. 1943-ன் வங்கப் பஞ்சம் ஒரு கிராமத்துக்குள் எப்படி மெள்ள மெள்ள நுழைகிறது என்பதுதான் கதை.

படம் வந்தபோது சில விமர்சகர்களுக்குக் கோபம். பஞ்சத்தைப் பற்றிய படத்தில் இத்தனை அழகா? பச்சைப் பசேல் வயல், சலசலக்கும் ஆறு, போதாததற்குக் கலர் வேறு! பஞ்சம்னா பூமி வெடிச்சிருக்கணும், மாடு எலும்பும் தோலுமா நிக்கணும் என்ற எதிர்பார்ப்பு.

எனக்கு அந்தப் பச்சைதான் படத்தின் வாதம் என்று தோன்றுகிறது. மழை பெய்கிறது, மரம் தளிர்க்கிறது, மனிதன் மட்டும் சாகிறான். எப்படி?

இதற்கு எட்டு வருஷம் கழித்து ஒரு பொருளாதாரப் புத்தகம் பதில் சொன்னது. அமர்த்தியா சென்னின் ‘வறுமையும் பஞ்சங்களும்’ (1981). பஞ்சத்தின்போது சென் வங்காளத்தில் ஒன்பது வயசுப் பையன். அவர் கணக்குப்படி 1943-ல் வங்காளத்தில் இருந்த உணவு, முந்தைய ஐந்து வருஷ சராசரியைவிட 5 சதவிகிதம்தான் குறைவு. 1941-ஐவிட 13 சதவிகிதம் அதிகம். 1941-ல் பஞ்சம் கிடையாது!

எகிறியது விலை. ஒரு மணு, அதாவது சுமார் 37 கிலோ அரிசி, கல்கத்தாவில் 1942 டிசம்பரில் பதிமூணு, பதினாலு ரூபாய். 1943 மே மாதம் முப்பதைத் தாண்டிவிட்டது. பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. யுத்தச் செலவில் பணம் புரண்டது, வியாபாரிகள் பதுக்கினார்கள். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று கிராமத்துப் படகுகளைச் சர்க்கார் பறித்தது. கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்குச் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரர், மீன் பிடிப்பவர், முடி திருத்துபவர் செத்தார்கள். முடி திருத்துபவர் ஏன் என்கிறீர்களா? அரிசி ஏறினால் ஜனங்கள் முதலில் தள்ளிப்போடுவது முடி வெட்டுவதைத்தான்!

சென்னின் கணக்கை மறுப்பவர்கள் உண்டு. அந்தப் போகத்தில் நெல்லைத் தாக்கிய பூஞ்சை நோயை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால், செத்தவர்கள் யார் என்பதில் சர்ச்சை இல்லை. வாங்க வக்கில்லாதவர்கள்.

ராய் இதைப் புள்ளிவிவரம் இல்லாமலே காட்டிவிடுகிறார். ஊரின் ஒரே பிராமணர் கங்காசரண். பூஜை, பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் அவரே. அரிசி தானாக வீடு தேடி வருகிறது. ஆறு மாதத்தில் அவர் மனைவி அடுத்தவர் நெல்லைக் குத்திக் கூலி வாங்கப் போகிறாள். இன்னொருத்தி ஒரு படி அரிசிக்காகத் தழும்பு முகத்துக்காரன் பின்னால் போகிறாள். கடைசியில், தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கிவைத்த மோத்தி செத்துக் கிடக்கும்போது, கங்காசரண் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். சாஸ்திரம் விடாததைப் பட்டினி தொடவைக்கிறது. எந்த வசனமும் இல்லாமல் நெஞ்சை அறுக்கும் இடம்.

குறையே இல்லையா? இருக்கிறது. பறித்த கை படத்தில் தெரிவதே இல்லை. தலைக்கு மேல் விமானம் பறக்கிறது, ஆற்றில் குளிக்கும் பெண்கள் அழகு பார்க்கிறார்கள். சர்க்கார் முடிவு எடுக்கும் கல்கத்தா அறைகளுக்குள் கேமரா போகவில்லை. அதனால் ஜனங்கள் அடித்து நொறுக்குவதெல்லாம் உள்ளூர்க் கடைக்காரரைத்தான். கடைசியில் திரையில் வரும் எழுத்து, மனிதன் உண்டாக்கிய பஞ்சம் என்கிறது. எந்த மனிதன் என்று சொல்வதில்லை. செத்தவர்கள் ஐம்பது லட்சம் என்கிறது. சென் கணக்கு சுமார் முப்பது, சர்க்கார் கமிஷன் சொன்னது பதினைந்து. செத்தவனை எண்ணக்கூட ஒழுங்காய் ஆள் இல்லை.

பழைய கதைதானே என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உலகம் இன்று வருஷத்துக்கு 280 கோடி டன்னுக்கு மேல் தானியம் விளைவிக்கிறது. ஐ.நா. அமைப்புகளின் 2025 அறிக்கைப்படி, 2024-ல் பசித்திருந்தவர்கள் சுமார் 67 கோடி. இதைக் கேட்டால் உடனே, ‘இன்னும் நிறைய விளைவிக்கணும் சார்’ என்பார்கள். விளைவிக்கட்டும். அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, விளைந்ததை வாங்க அவன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான்.

படம் கிடைத்தால் பாருங்கள். அந்தப் பச்சையை ரசிக்கக் கூச்சமாயிருந்தால், ராய் நினைத்தது நடந்துவிட்டது.