பால்சா எம்டன்

பலே ஆளை "அவன் சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்னும் சாகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் அது. ஒன்பது நாள் முன்னர் வங்கக் கடலில் அது மூழ்கடித்த 'டிப்ளோமட்' ஏற்றி வந்தது தேயிலை. நுவரெலியாக்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

ரிமோட்டில் ஓடும் மாதிரிப் போர்க்கப்பல்களை மோதவிடும் அமெரிக்க விளையாட்டில் வழக்கமான அளவு 1:144. 118 மீட்டர் எம்டன் அதில் 82 சென்டிமீட்டராகிவிடும். மடியில் வைத்தே வேலை பார்க்கலாம்.

அழகு பக்கவாட்டில்தான் இருக்கிறது. உடலில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, விலா எலும்புகளை மட்டும் விட்டு, மேலே மெல்லிய பால்சா மரத் தகடு ஒட்டுவார்கள். கரியமில வாயு தள்ளும் சிறு இரும்பு உருண்டை பட்டால் அதில் ஓட்டை விழும், தண்ணீர் ஏறும். உள்ளே ஒரு குட்டிப் பம்பு அதை இறைத்துக்கொண்டே இருக்கும்.

புதியவர் முதலில் ரேடியோவையும் பேட்டரியையும் நீர் புகாத பெட்டியில் அடைக்க வேண்டும். துப்பாக்கி பிறகு. கண்ணாடி அணியாமல் கரையில் நிற்கக் கூடாது.

நுவரெலியாவில் 1873இல் ஆளுநர் கிரகரி தேக்கிய வாவி இருக்கிறது, ஆனால் அங்கே படகுச் சவாரிக் கூட்டம். இந்த விளையாட்டுக்குத் தோது ஆளில்லாத, இடுப்பளவு ஆழமுள்ள குளம். கப்பல் முங்கினால் நூலில் கட்டிய மிதவை மேலே வரும். அதைப் பிடித்து இழுத்து, தண்ணீரை வடித்து, ஓட்டையை ஒட்டினால் மறுபடி எம்டன் தயார்.