இரசிகர் சினமும் கம்பனிச் சொத்தும்

பழைய கதையொன்று புதிதாக ஆக்கப்படும்போது எதிர்ப்புக் குரல் எழுவது இயல்பு. ஆயின், ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் சிறுவருக்கெனத் தயாரிக்கப்பட்ட காட்டூன் தொடர்கள் அண்மைக் காலத்தில் புத்துருப் பெற்றபோது எழுந்த கூக்குரல், சாதாரண சுவை வேறுபாட்டின் எல்லையைக் கடந்ததாகும். தமது குழந்தைப் பருவத்தையே பாழாக்கிவிட்டார்கள் என்பது அக்கூக்குரலின் சாரம். சிறுவர் படமொன்றை முன்னிட்டு வளர்ந்த மனிதர் இத்துணை ஆத்திரம் கொள்வதைக் கண்டு நகைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. நகைப்பதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது தகும். அவர்கள் எதனைத் தமதென்று கருதினர்? அது உண்மையில் எவருடையது? அவர்களது சினம் எவர்மீது சென்று விழுந்தது?

இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். 1985இல் வெளிவந்த ‘ஷீ-ரா’ தொடரை டிரீம்வேர்க்ஸ் நிறுவனம் நெட்பிளிக்ஸுக்காகப் புதுக்கியது. என். டி. ஸ்டீவன்சன் அதன் தலைமைப் படைப்பாளர். 2018 ஜூலையில் நாயகியின் புதிய உருவம் வெளியிடப்பட்டதும் கண்டனம் எழுந்தது. தொடரின் ஒரு காட்சிதானும் அப்போது வெளிவந்திருக்கவில்லை. நாயகி ஆண்பிள்ளை போலிருக்கிறாள், அவளிடம் பெண்மையின் கவர்ச்சி இல்லை என்பதே முறைப்பாடு. கதைப்படி அவள் பருவ வயதுச் சிறுமி என்பது கண்டித்தோரைத் தடுக்கவில்லை. மறுபுறத்தில், ஓவியர் பலர் புதிய ஷீ-ராவைத் தாமே வரைந்து வெளியிட்டு அவளை வரவேற்றனர்.

இரண்டாவது நிகழ்ச்சி 2021 ஜூலையிலே நடைபெற்றது. 1983ஆம் ஆண்டின் ‘ஹீ-மான்’ தொடரின் தொடர்ச்சியாகக் கெவின் ஸ்மித் உருவாக்கிய புதிய தொடரின் முதல் அத்தியாயத்திலேயே நாயகன் மடிகின்றான். அடுத்து வரும் அத்தியாயங்களில் கதையைத் தாங்கிச் செல்பவள் தீலா என்னும் வீராங்கனை. தொழில்முறைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பாராட்டினர். பொதுப் பார்வையாளர் இட்ட மதிப்பெண்களோ மிகத் தாழ்ந்திருந்தன. நாயகனைக் காட்டி அழைத்துவிட்டு வேறொருத்தியின் கதையைத் தந்து ஏமாற்றிவிட்டனர் என்று இரசிகர் சினந்தனர்.

இவ்விரு சினங்களுக்கும் பின்னே ஒரு நம்பிக்கை உண்டு. பழைய தொடர் களங்கமற்றது, கதைக்காகவே பிறந்தது. புதியதோ வியாபார நோக்கமும் அரசியல் நோக்கமும் புகுந்து கெடுத்தது என்பதே அது. வரலாற்றின் முன் இந்நம்பிக்கை நிற்குமா?

ஹீ-மான் கதையாகப் பிறந்தவனல்லன், பண்டமாகப் பிறந்தவன். மட்டேல் என்னும் விளையாட்டுப் பொருட் கம்பனி 1982இல் அவனைப் பிளாஸ்திக்குப் பொம்மையாகச் சந்தைக்கு அனுப்பியது. அதை விற்பதற்குத் துணையாகவே 1983இல் பில்மேஷன் கலையகம் தொலைக்காட்சித் தொடரைத் தயாரித்தது. இக்கம்பனிக்கு இவ்வழி புதியதன்று. 1969இல் அதன் ‘ஹொட் வீல்ஸ்’ பொம்மைக் கார்களை வைத்து ஒரு தொடர் ஒளிபரப்பானபோது, அந்நாட்டுச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு தலையிட்டு, நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகவே கணக்கிடவேண்டுமெனப் பணித்தது. விளம்பரத்தைக் கதையென்று கூறிப் பிள்ளைகளுக்கு ஊட்டலாகாது என்ற அறம் அன்று ஓரளவேனும் சட்டத்திற் பேசிற்று.

ரீகன் ஆட்சியில் அக்குரல் அடங்கியது. சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை மட்டுப்படுத்த 1974இல் வகுக்கப்பட்ட நெறிகளை ஆணைக்குழு 1984இல் கைவிட்டது. சந்தையே யாவற்றையும் சீர்செய்யும் என்பது அன்றைய ஆட்சியாளரின் வேதம். 1968இல் பெகி சரன் முதலிய தாய்மார் தொடங்கிய சிறுவர் தொலைக்காட்சி இயக்கம், பொம்மைத் தொடர்கள் நிகழ்ச்சி நீளத்துக்கு நீண்ட விளம்பரங்களே என்று முறையிட்டது, பயன் கிட்டவில்லை. 1990இல் இயற்றப்பட்ட சட்டம் விளம்பர நிமிடங்களுக்கு எல்லை வகுத்ததேயன்றிப் பொம்மையை நாயகனாக்கும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. இக்காலப் பகுதியிலேயே ஹீ-மான் 130 அத்தியாயங்களும் ஷீ-ரா 93 அத்தியாயங்களும் வெளிவந்தன. ஷீ-ரா தோன்றியதும் பொம்மைச் சந்தையின் தேவையாலேயே. ஆண்பிள்ளைகள் ஹீ-மானை வாங்கினர். பெண்பிள்ளைகளும் வாங்குவதற்கு அவனுக்கோர் இரட்டைச் சகோதரி வேண்டப்பட்டாள்.

எனினும், இத்துடன் நின்று, அவை வெறும் விளம்பரங்களே எனத் தள்ளிவிடுவது பொருளாதாரத்தைக் கண்டு மனிதரை மறந்த திறனாய்வாகும். கம்பனி பொம்மையைத் தந்தது; அதற்கு உயிர் தந்தவர் தொழிலாளர். பில்மேஷன் குறைந்த செலவிற் படம் செய்த கலையகம். நாயகன் ஓடுவதும் குத்துவதும் உருமாறுவதுமாகிய அதே சித்திரங்கள் அத்தியாயந்தோறும் திரும்பத் திரும்ப வரும். இக்குறையை அறிந்தே அங்கிருந்தோர் கதையிலும் பாத்திரத்திலும் தம்மாலான சிரத்தையைச் செலுத்தினர். ஏனைய கலையகங்கள் மலிந்த கூலி தேடிச் சித்திர வேலையை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியபோது, பில்மேஷன் அதனைக் கலிபோர்னியாவிலேயே வைத்திருந்தது. அத்தொழிலாளருக்குக் கிடைத்த கைம்மாறு யாது? லோரியல் என்னும் அழகுசாதனக் கம்பனியின் தலைமையிலான முதலீட்டுக் குழு கலையகத்தை வாங்கியது. 1989 பெப்ரவரி 3ஆந் திகதி அது மூடப்பட்டது. பெருந்தொகையினரை வேலை நீக்குவதாயின் 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டுமென்ற சட்டம் மறுநாளே நடைமுறைக்கு வரவிருந்தது. பழைய படங்களுக்கு உரிமையாளர் பலர் மாறினர். 2012இல் அவை டிரீம்வேர்க்ஸை அடைந்தன. 2016இல் டிரீம்வேர்க்ஸையே கொம்காஸ்ட் என்னும் பெருங்கம்பனி விழுங்கியது.

தமது குழந்தைப் பருவத்தை 2018இலோ 2021இலோ எவரோ திருடிவிட்டதாக முறையிடுவோர், அது 1982 முதலே பிறர் பெயரிற் பதியப்பட்ட சொத்தாக இருந்ததை அறியார். ஷீ-ராவைச் சிரத்தையோடு வரைந்தவரை ஒரேநாளில் வெளியே தள்ளிக் கதவடைத்தபோது இரசிகருள் எத்தனை பேர் சினந்தனர்? அன்று அவர்கள் சிறுவர், அறிந்திருக்க நியாயமில்லை எனலாம். வளர்ந்த பின்னரும் அச்செய்தி அவர்களைச் சுடவில்லை. நாயகியின் இடை அளவு மாறியதே சுட்டது.

அவர்களது அன்பு பொய்யன்று என்பதையும் நாம் மறுக்கலாகாது. கம்பனி விற்றது பிளாஸ்திக்கை. பிள்ளைகள் அதைக் கையிலெடுத்துத் தாமாகவே கதைகள் கட்டினர், தோழரோடு விளையாடினர், அச்சத்தையும் தனிமையையும் வென்றனர். அந்த உழைப்பு பிள்ளைகளுடையது. ஆதலால் ‘எமது’ என்று அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கின்றது. பலர் கூடி உயிர் கொடுத்த கற்பனைக்குச் சிலர் மட்டும் சொந்தக்காரராய் இருப்பதே இங்குள்ள முரண்பாடு. இரசிகர் இதனை உணர்கின்றனர், ஆயின் விளங்கிக்கொள்ளவில்லை. சினம் வழிதவறுவது இதனாலேயே.

இனி, புதிய ஆக்கங்களைக் கலை என்ற வகையில் மதிப்பிடுவோம். கதையை மாற்றுவது குற்றமாயின் உலக இலக்கியத்திற் பாதி குற்றமாகும். எலெக்திராவின் கதையை ஈஸ்கிலஸ், சொபொக்கிளிஸ், யூரிப்பிடீஸ் மூவரும் மூவிதமாக எழுதினர். கதை எவருடைய சொத்துமன்று என்பதால் அஃது இயன்றது. மாற்றத்தினால் எவ்வுண்மை புலனாயிற்று என்பதே அங்கு கேட்கத்தக்க வினா. அதே வினாவை ஈண்டும் கேட்போம்.

இரு ஷீ-ரா தொடர்களிலும் கதையின் கரு ஒன்றே. அடோரா என்னும் பெண் ஆக்கிரமிப்புப் படையினரால் வளர்க்கப்படுகிறாள், அவர்களது படைத்தலைவியாகிறாள், பின்னர் உண்மை அறிந்து கிளர்ச்சியாளர் பக்கம் சேர்கிறாள். 1985ஆம் ஆண்டின் தொடரில் மக்களின் துயரை அவள் நேரிற் காணும் காட்சி இருக்கின்றது. ஆயினும் அவள் இதுகாறும் கொடியோர் பக்கம் நின்றமைக்கு மந்திரமே காரணமாகக் காட்டப்படுகிறது. மந்திரக் கட்டு அறுந்ததும் நல்லவளாகிறாள். 2018ஆம் ஆண்டின் தொடர் அம்மந்திரத்தை அகற்றிவிட்டுக் கல்வியை அவ்விடத்தில் வைக்கின்றது. இளவரசிகள் அரக்கிகள், நமது படை ஒழுங்கை நிலைநாட்டுகிறது என்று பிறந்தது முதல் அடோராவுக்குப் போதிக்கப்பட்டது. அவளும் நேர்மையாகவே நம்பினாள். தன் படை சிற்றூரொன்றை அழிப்பதைக் கண்டபோது அந்நம்பிக்கை தகர்கின்றது. அவளோடு ஒன்றாய் வளர்ந்த கற்றாவோ அதே படையில் தங்கிவிடுகிறாள். ஒருத்தியைப் புகழ்ந்தும் மற்றவளை இகழ்ந்தும் வளர்த்த ஒரே கையிலிருந்து இருவேறு வாழ்வுகள் பிரிவதை ஐந்து பருவங்கள், 52 அத்தியாயங்கள் வரை தொடர் பொறுமையோடு ஆராய்கின்றது. 2020இல் அவ்விருவரின் காதலோடு அது நிறைவெய்துகின்றது. பகைமையாக வெளிப்பட்டது உண்மையில் யாது என்பதை முதலிலிருந்தே காட்டி வந்தமையால், அம்முடிவு வலிந்து ஒட்டப்பட்டதன்று. நல்லோரும் தீயோரும் பிறப்பால் அமைவதில்லை, வளர்ப்பால் அமைகின்றனர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கும் படைப்பு ஆசிரியர் எவருக்கும் உவப்பானதே.

இப்புகழ்ச்சியோடு ஒரு குறையையும் கூறவேண்டும். இளவரசிகள் பிறப்புரிமையால் ஆள்கின்றனர். அவர்களது வல்லமையும் அரசோடு பிணைந்தது. அந்நாடுகளின் உழவரும் தொழிலாளரும் யாவர், போரின் சுமையைச் சுமப்பவர் யாவர் என்பதைத் தொடர் பெரிதும் கேட்பதில்லை. ஆக்கிரமிப்பாளர் தோற்கின்றனர்; முடியாட்சி அப்படியே நிற்கின்றது. உடலமைப்பிலும் நிறத்திலும் காதலிலும் பன்மையை வரவேற்ற படைப்பு, வர்க்கத்தின் வாயிலில் நின்றுவிடுகிறது. பொம்மைக்காகப் பிறந்த கதையொன்றில் இதனை எதிர்பார்ப்பது மிகையெனலாம். ஆயின் இது புரட்சிப் படைப்பு என்று முழங்கிய ஆதரவாளருக்கு இதை நினைவூட்டுதல் அவசியம். கம்பனி தரும் முற்போக்கு, அதன் சொத்துரிமையைத் தீண்டாத அளவிலேயே வரும்.

கெவின் ஸ்மித்தின் தொடரைப் பொறுத்தவரை இரசிகரின் முறைப்பாட்டில் ஒரு பகுதி நியாயமானது. முன்னோட்டங்கள் ஹீ-மானை முன்னிறுத்தின. கதை தீலாவைப் பற்றியதே என்ற வதந்தியைப் படைப்பாளரும் மறுத்திருந்தார். வெளிவந்ததோ முதல் ஐந்து அத்தியாயங்களில் அவளையே நடுவில் வைத்த கதை. எஞ்சிய அத்தியாயங்கள் 2021 நவம்பரில் வரும்வரை பார்வையாளர் காத்திருக்க நேர்ந்தது. விளம்பரத்தில் ஒன்றும் பொதியில் வேறொன்றுமாக விற்பது கண்டிக்கத்தக்கதே. ஆனால் சினந்தோருட் பலர் விளம்பரத்தைக் கண்டிப்பதோடு நிற்கவில்லை. பெண்ணொருத்தி கதையைத் தாங்குவதையே குற்றமெனக் கண்டனர். நண்பனின் இரகசியம் தன்னிடம் மறைக்கப்பட்டதை அறிந்து, பதவியைத் துறந்து வெளியேறும் தீலாவின் மனக்காயம் பழைய தொடர் தொடாத ஒன்றாகும். அதனை நன்றாகச் செய்தார்களா என்று விவாதிப்பதே திறனாய்வு. அது வேண்டியதே இல்லை என்பது, அரியாசனத்தில் எப்போதும் தானே அமரவேண்டுமென்ற பழக்கத்தின் குரல்.

இக்கலகத்தில் நட்டப்பட்டவர் யார்? வசையைப் பெரிதும் ஏற்றவர் எழுத்தாளரும் ஓவியருமே. ஷீ-ராவின் அசைவுச் சித்திரங்களைத் தென்கொரியாவிலிருந்து வரைந்த தொழிலாளரைப் பழித்தவரும் நினைக்கவில்லை, புகழ்ந்தவரும் நினைக்கவில்லை. மட்டேல் தனது புதிய ஹீ-மான் தொடருக்கு இணையாக வளர்ந்தோர் சேகரிக்கும் பொம்மை வரிசையொன்றை 2021இல் சந்தைக்கு அனுப்பியது. குழந்தைப் பருவம் பாழாயிற்றென அழுதவனுக்கும், பெண் நாயகியைக் கண்டு மகிழ்ந்தவளுக்கும் விற்பதற்குப் பொம்மை இருந்தது. இரு சாராரும் ஒருவரையொருவர் தூற்றியதும், உரிமையாளருக்குச் செலவின்றிக் கிடைத்த விளம்பரமாயிற்று.

ஆகவே, எடுத்துக்கொண்ட மூன்று வினாக்களுக்கும் விடை கூறலாம். இரசிகர் தமதென்று கருதியது தம் பிள்ளைப் பருவத்துக் கற்பனையை. அதன் உருவங்களோ கம்பனியின் சொத்து. சினம் விழுந்தது அக்கம்பனியிடம் கூலிக்கு உழைத்த கலைஞர்மீது. எம் மாணவரும் இன்று இத்தகைய தொடர்களைப் பார்த்தே வளர்கின்றனர். நாளை அவையும் புதுக்கப்படும், அவர்களும் சினப்பர். சினக்கவேண்டாம் என்று அவர்களுக்கு உபதேசிப்பதிற் பயனில்லை. இப்படத்தை வரைந்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, கதையின் உரிமை எவர் கையில் உள்ளது என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஏற்படுத்துவோமாக. இக்கேள்விகளைக் கேட்கப் பழகியவன் சினந்தாலும் ஓவியன்மீது பாயான்.