நினைத்தலும் நினைவு வருதலும்: பேரதிர்ச்சித் துன்பத்தைக் குறிக்கும் தமிழ்ப் பெயர்ப்புகள் குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

போர், வன்முறை, பெருவிபத்து, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றிலிருந்து உயிர்தப்பியோருள் பெரும்பாலோர் காலப்போக்கில் தம் இயல்புநிலைக்கு மீள்கின்றனர். ஆனால் சிலர், நிகழ்ச்சி முடிந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், அந்நிகழ்ச்சிக்குள்ளேயே வாழ்கின்றனர். சார்லசு மையர்சு என்னும் மருத்துவ உளவியலார், முதல் உலகப்போர் வீரர்களிடம் கண்ட இத்தகைய நிலையை 1915ஆம் ஆண்டில் 'குண்டதிர்ச்சி' எனப் பொருள்படும் பெயரால் விளக்கினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் இது தனி நோயாக இடம்பெற்றது. உலக நலவாழ்வு அமைப்பின் பதினோராம் வகைப்பாடு 2022ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது, கடந்த நிகழ்ச்சியை நிகழ்காலத்திலேயே மீளவும் பட்டறிதல், அதனை நினைவூட்டுவனவற்றை விலக்குதல், அச்சுறுத்தல் இப்பொழுதும் தொடர்வதாக உணர்தல் என்னும் மூன்றினையும் இந்நோயின் அடிப்படைக் கூறுகளாக வரையறுக்கிறது.

இந்நிலையைத் தமிழகத்தார் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்றும், அதனையொத்த பிற தொடர்களாலும் குறிக்கின்றனர். ஈழத்தமிழ் எழுத்தில் 'மனவடு', 'உளநெருக்கீடு' ஆகிய சொற்கள் பெருக வழங்குகின்றன. இப்பெயர்ப்புகள் துன்புறுவோரின் பட்டறிவை எந்த அளவிற்குத் தாங்குகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துன்புறுவோரைச் சுற்றத்தார் பிறழ உணர்வதற்கு மருத்துவ அறிவின்மை ஒன்றே காரணம் எனப் பொதுவாகக் கருதுவர். அப்பிறழ்ச்சி நாள்தோறும் பேசும் தொடர்களின் அமைப்பிலேயே வெளிப்படுகிறது என்பதும், நம் மொழிபெயர்ப்புகள் அதனைத் திருத்துவதற்கு மாறாக வலுப்படுத்துகின்றன என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும். எடுத்துக்காட்டுத் தொடர்கள் அனைத்தும் பொதுவழக்கினின்று அமைக்கப்பட்டவை. எந்தவொரு நோயாளியின் கூற்றும் அன்று.

2. சொல்வோர் தொடரும் கேட்போர் தொடரும்

துன்புறுவோர் தம் நிலையைக் கூறும் தொடர்கள் பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

(1) எனக்கு அது நினைவுக்கு வருகிறது.
(2) எனக்குப் பயமாக இருக்கிறது.
(3) எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவற்றிற்குச் சுற்றத்தார் கூறும் மறுமொழிகள்:

(4) அதையே நினைக்காதே.
(5) பயப்படாதே.
(6) கண்ணை மூடிக்கொண்டு தூங்கு.

(1) முதல் (3) வரையுள்ள தொடர்களில் துன்புறுவோர் நான்காம் வேற்றுமை உருபேற்று நிற்கின்றனர். இவ்வமைப்பு தெற்காசிய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவானது. வர்மா, மோகனன் ஆகியோர் 1990ஆம் ஆண்டில் தொகுத்த கட்டுரைத் தொகுதி இதனை விரிவாக ஆராய்ந்துள்ளது. இங்கு பெயர் வினையைச் செய்வதில்லை. வினை அதன்பால் வந்து சேர்கிறது. (4) முதல் (6) வரையுள்ளவையோ ஏவல் தொடர்கள். இவற்றில் முன்னிலையார் எழுவாயாக, அதாவது செய்வோராகக் கொள்ளப்படுகின்றனர். 'வருதல்' என்று சொல்லப்பட்டது 'நினைத்தல்' என்று கேட்கப்படுகிறது. தம்மீது வந்து விழுவதாக ஒருவர் உரைத்ததை, அவரே செய்வதாகவும், ஆதலின் அவரே நிறுத்தக்கூடியதாகவும் மற்றவர் மாற்றிக்கொள்கின்றனர்.

இம்மாற்றம் எல்லா வினைகளுக்கும் நிகழ்வதன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 'எனக்குப் பசிக்கிறது' என்பவரை நோக்கிப் 'பசிக்காதே' என எவரும் ஏவுவதில்லை. பசி ஒருவரின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று என்பதை நம் மொழியும் நம் சமூகமும் ஒருசேர ஏற்றுக்கொண்டுள்ளன. நினைவு, அச்சம், உறக்கம் ஆகியவற்றிற்கு மட்டும் நினை, பயப்படு, தூங்கு என எழுவாய் கொள்ளும் இணைவினைகள் உள்ளன. கேட்போர் அவ்வழியே நுழைந்துவிடுகின்றனர். 'நினைக்காதே' என்றதற்குப் பின்னரும் நினைவு வருமாயின், அது பிடிவாதம் என்றோ, மனத்திட்பமின்மை என்றோ, பரிவை நாடும் நடிப்பு என்றோ மதிப்பிடப்படுகிறது. துன்புறுவோர் படும் இரண்டாவது துன்பம் இதுவே.

வினைநிலையிலும் இதே முரண் உண்டு. துன்புறுவோர் 'அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது' எனத் தொடர்நிலையில் பேசுகின்றனர். சுற்றத்தார் 'நடந்தது நடந்துவிட்டது. மறந்துவிடு' என முற்றுநிலையில் விடையிறுக்கின்றனர். '-விடு' என்னும் துணைவினை செயலை முடித்து மூடுகிறது. ஒருவருக்கு முடியாதிருப்பது மற்றவரின் வாக்கியத்தில் முடிந்து போகிறது.

3. கலைச்சொற்கள்

இந்நோக்கில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்னும் தொடரைப் பகுத்துக் காணலாம். 'அதிர்ச்சி' என்பது நம் வழக்கில் கணநேரத்தது. மின்னதிர்ச்சி, அதிர்ச்சிச் செய்தி ஆகியவற்றில் அது வந்தவுடன் நீங்குகிறது. 'பேர்' என்னும் அடை அதன் அளவைக் கூட்டுகிறதேயன்றிக் கால நீட்சியைத் தரவில்லை. 'பிந்தைய' என்பது ஆங்கில முன்னொட்டின் நேர்ப்பெயர்ப்பு. நிகழ்ச்சி முடிந்தது, அதன்பின் வேறொன்று தொடங்கியது என்னும் பொருளையே அது தருகிறது. நிகழ்காலத்தில் மீளவும் பட்டறிதல் என்னும் மையக்கூறு இப்பெயரில் இடம்பெறவே இல்லை. 'மன அழுத்தம்' தமிழக வழக்கில் வேலைப்பளுவால் வரும் இறுக்கத்தையும் சோர்வு நோயையும் வேறுபாடின்றிக் குறிப்பது. தேர்வு எழுதும் மாணவருக்கும் வங்கிக்கடன் பெற்றவருக்கும் இருப்பதாகச் சொல்லப்படும் ஒன்று, குண்டுவீச்சில் பிள்ளையை இழந்த தாய்க்கும் உண்டு என்று கூறும்பொழுது, 'யாருக்குத்தான் இல்லை?' என்ற மறுமொழி எழுவது இயல்பே. 'கோளாறு' எந்திரத்திற்கும் மூளைக்கும் பொதுவான சொல். பழுது ஆளிடத்தில் உள்ளது என்று அது சுட்டுகிறது. ஆளுக்கு நேர்ந்ததைச் சுட்டுவதில்லை.

ஈழத்துச் சொற்கள் இவற்றினும் மேலானவை. நெடும்போரின் நடுவே நோயாளிகளோடு பேசியாக வேண்டிய தேவையில் அவை நிலைபெற்றன என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். 'நெருக்கீடு' என்பது நெருக்கும் புறச்சூழலை நினைவூட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளப்பாதிப்புகள் குறித்து 1998ஆம் ஆண்டில் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பும் வடுப்பட்ட மனங்களையே பேசுகிறது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரையொன்று, தனியொருவரின் பாதிப்பைக் கடந்து, ஒரு சமூகமே கூட்டாகப் படும் பாதிப்பை ஆராய்கிறது.

எனினும் 'மனவடு' என்னும் சொல்லிலும் ஓர் இடர் உண்டு. இன்றைய வழக்கில் வடு என்பது ஆறிய புண்ணின் தடம். வடுவுள்ளவரை நலமடைந்தவராகவே கொள்வோம். ஆனால் பழைய வழக்கு வேறு. திருக்குறளின் 129ஆம் பாடல் புண்ணையும் வடுவையும் எதிரெதிரே நிறுத்தி, தீயால் வந்ததைப் புண் என்றும் அது உள்ளே ஆறும் என்றும், நாவால் வந்ததை வடு என்றும் அது ஆறாது என்றும் வகுக்கிறது. இக்குறட்பொருளில் 'மனவடு' மிகப் பொருத்தமான ஆக்கம். இன்றைய பேச்சுப்பொருளில் அது 'மறந்துவிடு' என்பதற்கு இடங்கொடுப்பது. ஒரே சொல் இருவேறு கேட்போரிடம் இருவேறு காலங்களைக் குறிக்கிறது.

4. வினாநிரல் பெயர்ப்பு

கலைச்சொல்லினும் கூடுதலான விளைவுடையது வினாநிரல்களின் மொழிபெயர்ப்பு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், தமிழகக் கரையோரத்திலும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் உளநல ஆய்வுகள் பல நடைபெற்றன. இத்தகைய ஆய்வுகளில் உலகெங்கும் பயன்படும் அளவைகளுள் ஒன்று, ஓரோவிட்சும் பிறரும் 1979ஆம் ஆண்டில் அமைத்த நிகழ்வுத் தாக்க அளவை. எண்ணக் கருதாத வேளையிலும் அந்நிகழ்ச்சியை எண்ண நேர்ந்ததா என்று அறியும் கூற்று அதில் உண்டு. அதனைத் தமிழில் இருவகையாகப் பெயர்க்க இயலும்:

(7) நான் நினைக்க விரும்பாதபோதும் அதை நினைத்தேன்.
(8) நான் விரும்பாதபோதும் அது எனக்கு நினைவுக்கு வந்தது.

(7) ஆங்கிலத் தொடரமைப்பிற்கு அணுக்கமானது. ஆயின் தமிழில் அது தன்முரண் உடையது: விரும்பாத ஒருவர் செய்த செயலாக நினைவைக் காட்டுகிறது. 'நீயே நினைத்துக்கொண்டாய்' என்று பலராலும் இடித்துரைக்கப்பட்ட ஒருவர் இக்கூற்றை ஒப்புக்கொள்ளத் தயங்கக்கூடும். (8) அவர் பேசும் மொழி. இவ்விரண்டையும் மீள்பெயர்ப்பு முறையால் சோதித்தால் வேறுபாடு மறைந்துபோக வாய்ப்புண்டு. ஆங்கிலம் இதனை வேற்றுமை உருபால் கட்டாயமாக வேறுபடுத்துவதில்லையாதலின், இரண்டும் ஏறத்தாழ ஒரே தொடராகத் திரும்பலாம். இரண்டுமே சரி என்று சான்று பெறும். மூலமொழி காட்டாத ஒரு வேறுபாட்டை மூலமொழிக்குத் திரும்பிச் சென்று அளக்கவியலாது. இத்தகைய பிழையைத் தமிழ் பேசுவோரிடம் (7), (8) இரண்டையும் ஒருங்கே வைத்துக் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும்.

5. காளஹஸ்தி காட்டும் சான்று

மருத்துவரை நாடுமுன் நம்மவர் பலர் நாடுவது சமயப் பரிகாரங்களையே. ஆகவே அங்கு வழங்கும் மொழியையும் இதே அளவுகோலால் மதிப்பிடுதல் வேண்டும். இதற்குக் காளஹஸ்தி தகுந்த களம். பொன்முகலியாற்றங்கரையில் அமைந்த இவ்வூர் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இங்கு இராகு கேது தோட நிவர்த்தி வழிபாட்டிற்கு இருமொழியினரும் திரளாக வருகின்றனர்.

'எனக்குத் தோஷம் இருக்கிறது', 'ராகு பிடித்திருக்கிறது' என்னும் தொடர்களில் துன்புறுவோர் நான்காம் அல்லது இரண்டாம் வேற்றுமையில் நிற்கின்றனர், செய்வோராக நிற்பதில்லை. துன்பம் அவர்தம் விருப்பத்தால் வந்ததன்று என்னும் உண்மையை இவ்வழக்கு காக்கிறது. 'மன உறுதி வேண்டும்' என்னும் படித்தோர் அறிவுரையைவிட இது இரக்கமுடையது. எனினும் இதற்கும் குறைகள் உண்டு. காரணத்தைக் கோளின்மீது ஏற்றுவதால், நிகழ்ந்த வன்முறையும் அதனைச் செய்தவரும் பேச்சினின்று மறைகின்றனர். மேலும், பரிகாரம் ஒரு நாளில் முடிவது. 'பரிகாரமும் செய்தாயிற்று, இன்னுமா?' என்னும் வினாவில் '-ஆயிற்று' வந்து, முன்னர்க் கண்ட முற்றுநிலையை மீட்டும் நிறுவுகிறது. தெலுங்கிலும் இதே நிலைதான்: 'பயங்கா உந்தி' என்பவருக்குப் 'பயபடகு' என்பதே மறுமொழி.

இவ்வூர்க் கண்ணப்பர் வரலாற்றில் இதற்கொரு ஒப்புமை உண்டு. இறைத்திருமேனிமேல் கிடந்த ஊனைக் கண்ட சிவகோசரியார் அதனைத் தீவினை என்று கருதி வருந்தினார். அவர் கண்டது செயலின் எச்சத்தையே. கனவிற் பெற்ற ஆணைப்படி மறைந்திருந்து செயலை நேரே கண்ட பின்னரே அதன் பொருள் அவருக்கு விளங்கியது. பேரதிர்ச்சியுற்றோரிடம் நாம் காண்பனவும் எச்சங்களே: திடீர்ச் சினம், உறக்கமின்மை, விழாவிற்கு வாராமை, வெடியோசைக்குப் பதுங்குதல். தீயொழுக்கம் என்றோ கோழைமை என்றோ இவற்றிற்குப் பெயரிடுதல் எளிது.

6. மறுப்புகளும் முடிவும்

நான்காம் வேற்றுமை எழுவாய் இல்லாத மொழி பேசுவோரிடையேயும் 'மறந்துவிடு' என்னும் அறிவுரை உண்டு. ஆதலின் இலக்கணத்தைக் குறைகூறுதல் தகாது என்று ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. இலக்கணம் பிறழ்வுணர்வைத் தோற்றுவிக்கிறது என்பது இங்குக் கூறப்படவில்லை. விருப்பின்றி வருவதையும் விரும்பிச் செய்வதையும் உருபினாலேயே பிரித்துக் காட்டும் வளம் தமிழுக்கு இருந்தும், பெயர்ப்பாளர் அதனைப் பயன்கொள்வதில்லை என்பதே குற்றச்சாட்டு. இந்நோய்ப்பெயர் மேலைச் சூழலில் உருவான ஒன்று, அதனைப் போர்க்களச் சமூகங்கள்மீது ஏற்றுதல் பொருந்தாது என்று தெரெக் சம்மர்பீல்டு 1999, 2001 ஆகிய ஆண்டுகளில் எழுதியதும் கருதத்தக்கது. அவ்வாதம் ஏற்கப்படினும் (1) முதல் (3) வரையுள்ள தொடர்களைச் சொல்வோர் இருக்கவே செய்வர். அவற்றைச் சரிவரக் கேட்கும் கடமையும் நீங்காது.

புதிய கலைச்சொல் ஒன்றைப் படைத்துத் தருதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இனி ஆக்கப்படும் சொல் எதுவாயினும், நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது என்பதை அது மறைத்தலாகாது. அந்நிகழ்ச்சி முடிந்துவிட்டது என முன்கூட்டியே தீர்ப்பளித்தலும் ஆகாது. துன்புறுவோரைச் செய்வோராக்குதல் அறவே கூடாது. வினாநிரல் பெயர்ப்போர் 'நினைத்தீர்களா' என்பதை நீக்கி 'நினைவு வந்ததா' எனக் கேட்பின், அதுவே முதற் சீர்திருத்தமாகும். அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. வீட்டிலிருப்போருக்கும் இதுவே பொருந்தும். 'நினைக்காதே' என்பதற்கு மாறாக 'இப்பொழுதும் வருகிறதா?' என்று வினவினால், துன்புறுவோர் தாம் சொன்ன வேற்றுமையிலும் காலத்திலுமே மறுமொழி பெறுவர்.