கற்கும் பணிவும் கிறித்தவ ஞானமும்



பணிவே ஞானத்திற்கு வாயில் என்பது சைவர்க்குப் புதிய செய்தியன்று. கிறித்தவ சமயத்தாரும் அதனையே தம் ஞானத்திற்கு முதற்படியாகக் கொள்வர். இயேசுநாதர் தம் மாணாக்கர் கால்களைத் தாமே கழுவினார் என்பது அவர்தம் திருமறை கூறும் வரலாறு. அச்சமயத்துப் பேராசிரியருள் தலைசிறந்தவராகிய அகுஸ்தீன் என்பார், மெய்ம்மையை அடைதற்கு வழி யாது என வினாவிய இளைஞர் ஒருவர்க்குப் பணிவையே முதலாவதாகவும் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் எடுத்துரைத்தார். இங்ஙனம் இருதிறத்தாரும் ஒன்றனையே ஓதுவராயின், அவ்விருவர்க்கும் இடையே நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்த கல்வித் தொடர்பை அப்பணிவு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். கற்க வந்தார் எத்துணை கற்றார்? கற்ற கல்வி அவரை என் செய்தது? இவ்விரண்டுமே ஈண்டு ஆராயப்படுவன.

இவ்வாராய்ச்சியைத் தகடூரிலிருந்து தொடங்குதல் பொருத்தமாம். தகடூராவது இந்நாளைத் தருமபுரி. ஒளவையார்க்கு நெல்லிக்கனி ஈந்து, புலமைக்கு முன் அரசு தாழ்ந்து நிற்றல் வேண்டும் எனக் காட்டிய அதியமானது ஊர் அது. 1792 ஆம் ஆண்டிற் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் நாடு கும்பினியார் கைப்பட்டபோது, ரீடு என்னுந் தலைவர்க்குத் துணைவராக அந்நாட்டிற்கு வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏறக்குறைய ஏழாண்டுகள் அவர் அந்நாட்டில் வாழ்ந்தார்; தருமபுரியிற் பலகாலந் தங்கினார். ஊர்தோறுஞ் சென்று நிலமளப்பதும் உழவரோடு பேசுவதுமே அவர் தொழிலாயிருந்தது. வந்தவர் படைவீரர், வென்ற இனத்தவர். ஆயினும் அந்நாட்டைக் கேட்டறிந்தன்றி ஆளலாகாது என உணர்ந்தார்.

அதன் பயன் 1813 இல் வெளிப்பட்டது. கும்பினியாரின் பட்டயத்தைப் புதுப்பிப்பது பற்றி ஆங்கிலப் பாராளுமன்றம் ஆராய்ந்த காலம் அது. கிறித்தவப் போதகர் இந்நாட்டிற் புகுதற்கு வழி திறந்ததும் அவ்வாண்டுப் பட்டயமே. அப்போது பொதுச்சபையார் முன் சான்றுரைத்த மன்றோ, இந்நாட்டாரின் உழவு, கைத்தொழில், ஊர்தோறும் உள்ள பள்ளிகள், விருந்தோம்பல், பெண்டிரை மதித்தல் என்பனவற்றை எடுத்துக்காட்டி, நாகரிகம் இருநாட்டிற்கும் இடையே ஒரு வாணிகப் பண்டமாகுமேல் அதனை இறக்குமதி செய்து ஊதியம் பெறுவது இங்கிலாந்தே என்னும் கருத்துப்படக் கூறினார். பின்னர்ச் சென்னை மாகாண ஆளுநராயிருந்தபோதும், பள்ளிகளைப் புதிதாக நிறுவுமுன் உள்ளனவற்றை எண்ணுமாறு 1822 இல் ஆணையிட்டார்; 1826 இல் 12,498 பள்ளிகள் உளவெனக் கணக்குக் கிடைத்தது. கற்பிக்குமுன் கேட்டறிதல் என்னும் இம்முறை பணிவின் ஒரு கூறேயாம். ஆனால் இஃது உலகியற் கல்வி, உயிர்பற்றிய கல்வியன்று. உயிர்பற்றிக் கற்பிக்க வந்தவரிடத்து அப்பணிவு எவ்வாறிருந்தது என்பதே நாம் காணவேண்டுவது.

இராபர்ட் டி நொபிலி என்னும் இத்தாலியத் துறவி 1606 இல் மதுரைக்கு வந்தார். 1623 இற் சேலம் நாட்டிற்கும் வந்தார். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. 1997 இல் நிறுவப்பட்ட தருமபுரிக் கத்தோலிக்க மறைமாவட்டமும் சேலம் மறைமாவட்டத்தினின்று பிரிந்ததே. ஆதலின் அந்நிலப்பகுதிக் கிறித்தவ வரலாற்றில் நொபிலியார்க்குச் சிறப்பிடம் உண்டு. அவர் தமிழும் வடமொழியும் இந்நாட்டு ஆசிரியரிடம் முறையாகக் கற்றார். குரு, வேதம், பூசை, கோயில், ஞானம் முதலிய சொற்கள் கிறித்தவர் வாயில் இன்று எளிதாக வழங்குகின்றன. இவை யாவும் நம் முன்னோர் மனையிலிருந்து சென்றன அன்றோ? தமக்குரியதென அவர் கருதிய ஞானத்தைத் தமிழில் ஒரு சொல் உரைத்தற்கும் அவர் முதலிற் கற்கவேண்டியிருந்தது. ஓதுவிப்பான் ஓதுவானாகாது அமையான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரின் செய்தி இன்னுங் குறிக்கத்தக்கது. தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பயின்றார். ஏழாண்டு கழித்து 1713 இல், இந்நாட்டார் தெய்வங்களின் மரபை விரித்து ஒரு நூல் எழுதி முடித்தார். அந்நூலை ஐரோப்பாவிலிருந்த அவர்தம் தலைவர் அச்சிட இசைந்திலர். பொய்ச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் கூடாதென்பது அவர் கருத்து. 1867 இல், அஃதாவது 154 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அது சென்னையில் அச்சேறிற்று. மணலில் அமர்ந்தவர் கற்றார். நாற்காலியில் அமர்ந்தவர் கற்க மறுத்தார். இருவரும் ஒரே சமயத்தினர். ஒரே மறையை ஓதினர். ஆதலின் பணிவைச் சமயத்தின் பெயரால் அளத்தல் பொருந்தாது. ஆளை நோக்கியே அளத்தல் வேண்டும்.

இனிச் சைவர் நெஞ்சிற்கு அணியராகிய போப்பையரைக் காண்போம். 1820 இற் பிறந்த அவர், தமிழின் முதற்பாடத்தை 1837 இற் கற்றதாகத் தாமே எழுதுகின்றார். 1839 இல் இந்நாடு அடைந்து, இராமாநுச கவிராயர் முதலியோரிடம் பாடங் கேட்டார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886 இலும், நாலடியார் 1893 இலும், திருவாசகம் 1900 இலும் வெளிவந்தன. திருவாசகத்தின் முகவுரையில் அவர் இட்ட நாள் 1900 ஏப்பிரல் 24. அவர்க்கு எண்பது நிரம்பிய நாள் அது. முதுமை கருதி அப்பெரும்பணியை மேற்கொள்ளத் தயங்கியபோது, ஆக்சுபோர்டு பேலியல் கல்லூரித் தலைவர் சோவெட்டு ஊக்கியதையும் அம்முகவுரை கூறும். முதற்பாடத்திலிருந்து முடிவுரை வரை அறுபத்து மூன்று ஆண்டுகள்! பள்ளியாசிரியராய் இருந்தபோது கடுமைக்குப் பெயர்பெற்றவர் இவர். மென்மையான பேச்சு வேறு, பணிவு வேறு. தமிழுக்கு முன் அவர் ஆயுள்முழுதும் தாழ்ந்தே நின்றார்.

ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது. 1886 இற் குறளுக்கு எழுதிய முன்னுரையில், திருவள்ளுவர் மயிலையிற் கிறித்தவ ஆசிரியரோடு பழகி, அவர்தங் கருத்துக்களைக் கேட்டறிந்திருத்தல் கூடும் எனப் போப்பையர் கருதினார். இதற்குச் சான்று யாது? குறளின்கண் உயர்ந்த அறம் காணப்படுதலே சான்றாகக் கொள்ளப்பட்டது. உயர்ந்தது எங்கே காணப்படினும் அது தம்மிடத்திருந்தே சென்றிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் கல்வியின் கண்ணை மறைப்பது. நூலைக் கற்றார், நூலாசிரியனைத் தனக்கு முன் மாணவனாக நிறுத்தினார். இதுவே அவர் பணிவு தடுக்கிய இடம் என்பேம்.

பதினான்கு ஆண்டுகள் கழித்துத் திருவாசகத்திற்கு எழுதிய பகுதிகளை இதனோடு வைத்துப் படிக்க. அங்கே சைவசித்தாந்தத்தை இந்தியச் சமயங்களுள் மிக விரிந்ததாகவும், செல்வாக்கு மிக்கதாகவும், தன்னியல்பிலேயே மதிப்பு மிக்கதாகவும் கூறுகின்றார். மணிவாசகப் பெருமானைத் தம் சமயத்துப் பவுலடியாரும் அசிசி நகர்ப் பிரான்சிசு அடியாரும் ஒருங்கே கலந்தாற்போன்றவர் என ஒப்பிடுகின்றார். உமாபதி சிவனாரின் திருவருட்பயனையும் அந்நூலிலேயே மொழிபெயர்த்துச் சேர்த்தார். ‘தன்னியல்பிலேயே’ என்னும் சொல்லை நோக்குக. இரவல் பெற்ற பொருளுக்குத் தன்னியல்பில் மதிப்பு எங்ஙனம் அமையும்? குறளுக்கு வெளியே மூலந் தேடிய அதே கை, சித்தாந்தத்திற்கு அதனுள்ளேயே மதிப்புக் கண்டது. போப்பையர் இறுதிவரை கிறித்தவராகவே நின்றார், அங்கிருந்தே எழுதினார். ஆனால் கற்றது அவர் நோக்கைத் திருத்திற்று என்பதை இவ்விரு முன்னுரைகளும் அருகருகே நின்று உரைக்கின்றன.

அவர் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ எனப் பொறித்திருப்பதாக நம்மவர் மேடைதோறும் கூறுவர். ஆக்சுபோர்டிலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்பதும், அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பரும் அக்கல்லை நாட்டினர் என்பதுமே அதிற் காணப்படுவன. கல்லில் இல்லாததை நாம் ஏற்றிச் சொல்லுதல் ஏன்? அவர்தம் பெருமைகளுள் மாணவராயிருந்ததே மேலானது எனத் தமிழுலகம் கண்டுகொண்டமையால் என்க. கருத்து மெய்யே, எனினும் மெய்யான கருத்திற்குப் பொய்யான சான்று வேண்டா.

இனி, இவர் தமிழைக் கற்றது தம் சமயத்தைப் பரப்புதற்கே. பயன்கருதிய கல்வியைப் பணிவென்றல் எங்ஙனம் என ஒரு சாரார் கடாவுவர். அக்கடா வலியுடையதே. வெல்லுதற்குக் கற்றல் வேறு; திருந்துதற்குக் கற்றல் வேறு. முன்னதில் கற்பவன் தன்னைப் பூட்டிவைத்துக்கொண்டு பிறன் பெட்டியைத் திறக்கின்றான். பின்னதில் தன் பெட்டியையும் திறந்துவைக்கின்றான். ஆயினும் வெல்ல வந்தவனையுங் கல்வி தன்வயமாக்குதல் உண்டு என்பதையே மேற்காட்டிய வரலாறுகள் உணர்த்தின. தொடக்கத்துக் கருத்தைக் கொண்டே ஒருவனை முடிவாக அளத்தல் நீதியன்று.

இவ்விடத்தில் நம் சந்தான வரலாறே நமக்கு அளவுகோலாம். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற அருணந்தி சிவாசாரியார், தாம் குலகுருவாயிருந்த குடியிற் பிறந்த இளங்குழவியாகிய மெய்கண்டாரைக் காணத் திருவெண்ணெய்நல்லூர்க்குச் சென்றார். ஆணவத்தின் வடிவு யாது என வினாவினார். மெய்கண்டார் வாய்திறவாது அவரையே சுட்டினார். நின்ற நிலையே விடையாயிற்று. ஆகமக் கடலைக் கரைகண்டவர் அக்கணமே அக்குழவியின் அடியில் வீழ்ந்து மாணவரானார். பணிவு என்பது நல்லொழுக்கத்திற்கு இட்ட அணிகலன் மட்டுமன்று, ஆணவமலம் வலிகுன்றுதலின் அறிகுறி என்பதை இவ்வரலாறு விளக்கும். செருக்கே முதற்பாவம் என்னும் கிறித்தவர் கொள்கையும் இதற்கு அணித்தே நிற்கின்றது. வேற்றுமை யாதெனின், அவர் அதனை விருப்பத்தின் பிழையாகக் கொள்வர். நாம் உயிரை அநாதியே பற்றிய மலமாகக் கொள்வோம். ஆதலின் நம் கொள்கைப்படி, பணிவு எவ்வுயிரிடத்துத் தோன்றினும் அங்கே திருவருள் தொழிற்படுகின்றது எனக் கொள்ளுதல் வேண்டும். அவ்வுயிர் திருநீறு அணிந்ததா சிலுவை அணிந்ததா என்பது அடுத்த வினாவே.

அங்ஙனம் பணிந்த அருணந்தியாரே பின்னர்ச் சிவஞான சித்தியார் அருளிச்செய்தார். அதிற் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னும் வைத்தார். பிறர் கொள்கையை அவர் கூறுமாறே கூறி, அதன்பின் மறுப்பதே அவர் கைக்கொண்ட நெறி. மறுத்தற்கும் முதலிற் கேட்டல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

அந்நெறியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கொண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற் பல்லாண்டு துணைபுரிந்தமையால் அம்மறையை அவர் நன்கறிந்தார். பள்ளி நடத்துதல், அச்சிடுதல், மேடையிற் பிரசங்கித்தல் என்பனவற்றில் அவர்தம் முறைகளைக் கண்டு, 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளி நிறுவினார். 1854 இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். அவர் மறுப்பு வலிமை பெற்றது அவர் கற்றமையாலன்றோ?

இந்நாளில் நம்முள் எத்துணைப்பேர் அங்ஙனம் கற்கின்றோம்? போப்பையர் நம் சமயத்தைப் போற்றிய தொடர்களை மேடையில் எடுத்தோதி மகிழ்கின்றோம். அவர் சமயத்து நூல் ஒன்றனையேனும் முதலிலிருந்து முடிவுவரை படித்தோமல்லேம். பிறர் நம் வாயிலிற் பணிந்து நின்று கற்றதைக் கொண்டு நாம் நிமிர்ந்து நிற்போமாயின், அப்பணிவின் பயன் அவரைச் சார்ந்தது. ஆணவம் நம்மைச் சார்ந்தது. மெய்கண்டார் சுட்டிய விரல் இன்று யாரை நோக்கி நீளும் என்பதைச் சைவ நன்மக்கள் தம் நெஞ்சோடு வினாவுவாராக.

முடிவாகக் கூறுவது இது. பணிந்து கேட்டல் ஞானத்தின் முதற்படி. கேட்டது தன்னைத் திருத்த இடங்கொடுத்தல் அதன் மேற்படி. கிறித்தவருட் சிலர் முதற்படியில் ஏறினர். சிலர் மேற்படியிலும் கால்வைத்தனர். அதனை உள்ளவாறு உணர்ந்து ஒப்புக்கொள்ளுதல் நமக்கு இழிவன்று. தகடூரில் நிலமளக்க வந்தவர் கேட்டு அறிந்தார். தரங்கம்பாடியில் மணலில் எழுதியவர் கற்றுத் தெளிந்தார். சித்தாந்தச் செல்வம் உடைய நாம் கேட்டற்கு அஞ்சவேண்டுவது யாதுமில்லை. உடைமை உறுதியானால் கதவைத் திறந்துவைக்கலாம்.