எடுத்தவன் கையில் கத்திரி

கல்லூரிக் குறும்படப் போட்டிகளில் ஒரு டைட்டில் கார்டு தவறாமல் கைதட்டல் வாங்குகிறது. கதை, வசனம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர். நடுவர்களும் மேடையில் அதைத் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். தன் படத்தைத் தானே வெட்டினால்தான் மாணவனுக்கு எடிட்டிங் கைவரும் என்பது இப்போது பாடம் போலவே ஆகிவிட்டது. எடுத்தவனுக்குத் தெரியாததா அடுத்தவனுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியாது. டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறது. எடிட்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. குளோஸப் எடுக்க மறந்ததும், முதல் ஷாட்டில் இடக்கையில் இருந்த டீ கிளாஸ் அடுத்த ஷாட்டில் வலக்கைக்குத் தாவியதும் டைம்லைன் முன்னால் உட்காரும்போதுதான் உறைக்கின்றன. அடுத்த படத்தில் அவன் கவனமாக இருப்பான். தானே வெட்டி வென்றவர்களும் உண்டு. ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்த 'எல் மரியாச்சி'யைத் (1992) தானே தொகுத்தார். 'பிரேமம்' (2015) படத்தின் இயக்குநரும் எடிட்டரும் அல்போன்ஸ் புத்திரன்தான்.

சரி. ஆனால் மாணவன் இதில் கற்றுக்கொள்வது மென்பொருளையும் படப்பிடிப்பில் செய்த பிழைகளையும்தான். எதைத் தூக்கி எறிவது என்பதை அவன் கற்பதில்லை. எடிட்டிங்கில் பாதி அதுதான்.

அதற்குக் காரணம் சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. திரையில் இல்லாததையும் சேர்த்துப் பார்க்கிறான் என்பதுதான் சிக்கல். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, நண்பனின் பைக்கில் டிரைபாடைப் பிடித்துக்கொண்டு போய், கடற்கரையில் வெளிச்சத்துக்குக் காத்துக் கிடந்து எடுத்த ஷாட் அது. நாயகன் பன்னிரண்டு விநாடி நடக்கிறான். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 288 ஃபிரேம். கதைக்கு அதில் ஐம்பது போதும். பார்க்கிறவருக்கு அங்கே யாரோ ஒருவன் நடக்கிறான், அவ்வளவுதான். வெட்டுகிறவனுக்கோ அந்த விடியற்காலை முழுவதும் தெரிகிறது. கை கத்திரியைத் தொட மறுக்கிறது. பத்து நிமிடப் படத்தில் முதல் இரண்டு நிமிடம் டிரோன் வானத்திலேயே சுற்றுவதற்கும் அழகியல் காரணம் எதுவும் கிடையாது. வாடகை கொடுத்தாகிவிட்டது.

'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், 'இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ' நூலில் இந்த நோயைத்தான் பேசுகிறார். எடிட்டர் படப்பிடிப்புத் தளத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது அவர் கட்சி. ஷாட் எவ்வளவு பாடுபட்டு எடுக்கப்பட்டது என்று தெரியாத கண்ணுக்குத்தான் அதன் உண்மையான பெறுமதி தெரியும். படப்பிடிப்பு முடிந்ததும் ஆல்ப்ஸ் மலையேறப் போய்விடும் இயக்குநர் ஃபிரெட் ஸின்னமனை அவர் உதாரணம் காட்டுகிறார். நம் மாணவனோ கடைசி ஷாட் முடிந்த இரவே டைம்லைனைத் திறக்கிறான். போட்டிக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

கத்திரி பிடித்து வளர்ந்த இயக்குநர்கள் முதலில் பிறர் எடுத்த படங்களில்தான் கை பழகினார்கள். 'பா' வரிசைப் படங்களுக்கு முன்பு பீம்சிங், கிருஷ்ணன்-பஞ்சுவிடம் எடிட்டிங் உதவியாளராக இருந்தார். ராபர்ட் வைஸ், ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' (1941) படத்தைத் தொகுத்த பிறகே இயக்குநரானார். அமெரிக்கத் திரைப்படப் பள்ளிகளில் 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சித் தொடரின் வெட்டாத ரஷஸைக் கொடுத்துப் பழக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மாணவர் எல்லோருக்கும் அதே காட்சி, அதே டேக்குகள். வெட்டி முடித்ததும் ஆளுக்கொரு படம் வந்து நிற்கும். எந்த ஷாட் மீதும் யாருக்கும் பாசம் இல்லை.

சொந்தப் படத்தை வெட்டுகிறவனுக்கு எதிர்க்குரலே கிடையாது. வசனம் அவனுக்கு மனப்பாடம் என்பதால் ஒலிப்பதிவில் அது கேட்கவில்லை என்பது தெரியாது. நாயகன் அப்பாவை இழந்தவன் என்பது அவன் எழுதிய காகிதத்தில் இருக்கிறது. படத்தில் இல்லையென்பது அவன் கண்ணில் படாது. நாற்பதாவது முறை ஓட்டிப் பார்க்கும்போது அவனுக்கே சோகம் வராமல் போகிறது. உடனே ஒரு பியானோ இசையை இழுத்துக் கீழே போடுகிறான். அதையும் எடிட்டிங் என்று பாராட்டிப் போட்டி நடுவர் கோப்பை கொடுக்கிறார். ஆள் துணை இல்லாமல் செய்ததையே திறமைக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

கல்லூரி எடிட்டிங் லேபில் முப்பது கணினி. முப்பது பேரும் அவரவர் படத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவளிடம் ஹார்ட் டிஸ்க்கை நீட்டி, அவளுடையதை வாங்கிக்கொள்ள ஒரு பைசா செலவில்லை. ஆனால் டைட்டில் கார்டில் இன்னொரு பெயர் ஏறிவிடுமே.