எழுத்துத் தேக்கமும் மலையகக் கருப்பொருளும்

ஆக்க இலக்கியம் படைப்போரை அவ்வப்போது பீடிக்கும் எழுத்துத் தேக்கம் பற்றிப் பேசுமிடத்து, அருட்டுணர்வு என்னும் சொல்லே முதலில் எடுத்தாளப்படுவது வழக்கம். திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூலம் வாயிற் பட்டதும் காளமேகம் கவிமழை பொழிந்தார் என்பது தமிழ்க் கதை. கனவிற் கண்ட கவிதையை எழுதிக்கொண்டிருக்கையில் வந்த ஒருவரால் அது அறுபட்டுப் போயிற்று என்பது, 1816இல் வெளியான 'குப்ளாகான்' பற்றி ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் கூறியது. இரண்டும் சுவையானவையே. ஆயின் இரண்டும் படைப்பாளிக்குக் கற்பிப்பது ஒன்றே: வரும்வரை காத்திருத்தல். ஹட்டனும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் கண்ட இலக்கிய வரலாறு இப்பாடத்தை ஏற்பதாக இல்லை.

இதனை விளக்கத் தமிழ்க் கவிதையியலிலேயே தக்க கருவி உண்டு. தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என வகுத்தார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள்கள். உரிப்பொருளாகிய உணர்ச்சி இவற்றின் வாயிலாகவே உருப்பெறுகிறது. இந்நோக்கிற் பார்த்தால், எழுத்துத் தேக்கம் எப்போதும் உணர்ச்சி வறட்சியன்று. உணர்ச்சியைத் தாங்கவல்ல கருப்பொருள் கைவராமையும் அதற்குக் காரணமாகும்.

மலையகம் இதற்குச் சிறந்த சான்று. மலை என்றதும் கற்ற தமிழ் மனம் குறிஞ்சியை நினைக்கும். முருகனும் வேங்கையும் தினைப்புனமும் வரிசையாக வந்து நிற்கும். ஹட்டன் மலைகளிலோ காடழித்து நட்ட தேயிலையே பரந்தது. அங்கு ஒலித்த பறை, விடியற்காலையிற் பிரட்டுக்கு அழைத்த தப்பு. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தவிடத்துப் பாதிநாட் கூலி மட்டுமே பதியப்படுவதை 'அரைப்பேர்' என்றனர் தொழிலாளர். ஒருவரின் பெயரே பாதியாகிவிடும் வாழ்வைக் குறிஞ்சியின் சொற்களால் எழுத முனைபவரின் பேனா ஓய்ந்து நிற்பதில் வியப்பில்லை.

அவ்வோய்வைக் கடந்த முன்னோடிகளுள் மீனாட்சியம்மாள் குறிப்பிடத்தக்கவர். 1930களில் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரை அணிதிரட்டிய கோ. நடேசையரின் துணைவியார் அவர். தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாடிய பாடல்கள் 1940இல் நூலுருப் பெற்றன. கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று எனில் அருட்டுணர்வுக்குக் காத்திருத்தல் இயலாது. மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுக்களில் அவர்தம் நிலைமையை அமைத்தார் அவர். அப்பாடல்களிற் பிரசாரம் மிகுதி என்று குறை கூறலாம், அக்குறை பொய்யன்று. ஆயினும் கேட்போரின் செவியிலிருந்தே பாட்டைத் தொடங்கலாம் என்ற வழியை அவை காட்டின என்பது மனங்கொள்ளத்தக்கது.

மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் (1914-1984) இலக்கியப் பயணம் இதனினும் நீண்டது. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்டவர். தேயிலைத் தோட்டம் பற்றிய அவரது நெடுங்கவிதை 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர் தமிழிலும் நாவல்கள் எழுதினார். தாம் திரட்டிய நாட்டார் பாடல்களை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் நூலாக்கினார். பிறர் பாட்டைத் திரட்டுவது படைப்பாளிக்கு இறங்குமுகம் என்பாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. ஆங்கிலக் கவிதையின் உயிர்நாடியும் லயங்களின் ஓசையே; பிற்காலத்தில் அவர் செய்தது, அவ்வூற்றை அடுத்த தலைமுறைக்கும் திறந்துவைத்ததே ஆகும்.

இவர்களிடமிருந்து வேறுபடுபவர் என். எஸ். எம். இராமையா. மிகச் சிலவாகவே சிறுகதைகள் எழுதிய அவரது தொகுதி 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இல் வெளியாயிற்று. தலைப்புக் கதை ஒரு பெண்ணின் கூடையையும் அதன் நிறையையும் சுற்றியே இயங்குகிறது. சிறிது எழுதுதல் வேறு, எழுத இயலாமை வேறு. ஒரு கூடைக்குள் ஒரு வாழ்வின் மானம் அடங்கும் எனக் காணும்வரை பொறுத்தல், காளமேகக் கதை கற்பிக்கும் காத்திருப்பன்று. அது உற்றுநோக்கலின் உழைப்பு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கருப்பொருளும் காலப்போக்கில் வாய்பாடாகிவிடும். அட்டை, பனி, கங்காணியின் கொடுமை, கண்ணீர் என்னும் பட்டியல் இன்று எவருக்கும் எளிதிற் கைவரும். தோட்டத்தைக் காணாமலே தோட்டக் கவிதை எழுதலாம் என்ற நிலை, குறிஞ்சி வாய்பாட்டினின்றும் வேறானதன்று. பக்கங்கள் நிரம்புவதால் வெளித்தெரியாத தேக்கம் இது. மலையக மக்களின் வருகை 200 ஆண்டுகளை எட்டியதாக நினைவுகூரப்பட்ட 2023ஆம் ஆண்டை ஒட்டிய எழுத்துக்களையும் இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுதல் தகும். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞர், லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவி, கொழுந்து பறித்தலைக் கைவிட்டு மரக்கறி பயிரிடும் குடும்பம் ஆகியோரின் வாழ்வுக்குரிய கருப்பொருள்கள் பழைய பட்டியலில் இல்லை.

எனவே, எழுத்து ஓய்ந்த வேளையிற் படைப்பாளி கேட்கவேண்டிய கேள்வி 'அருட்டுணர்வு எப்போது வரும்?' என்பதன்று. இன்று இம்மலையிற் செய்யப்படும் தொழில் எது, ஒலிக்கும் பறை எது, அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர் என்ன என்பனவே அவன் கேட்கவேண்டியவை. விடை மேசையிற் கிடைப்பதன்று. பிரட்டுக்களத்திலும் ஹட்டன் பேருந்து நிலையத்திலும் செவிகொடுப்பவனுக்குக் கிடைப்பது.